தடம் மாற்றும் கம்பி

பனி இறுகிய காலைகளில்
தடம் மாற்றும் மின்விசை உறைந்துபோகும்.
டிராமை நிறுத்தி இறங்குவேன்.
இருக்கைக்குப் பின்னிருக்கும் இரும்புக் கம்பியைத்
தண்டவாள இடுக்கில் செருகி
ஒரு நெம்பு.
டக்கென்று சத்தம், அவ்வளவுதான்.
பின்னால் நாற்பது பேர்; ஒருவரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.
ப்ருனோ நகரில் பதினோரு வருடமாக
இதுதான் என் பிழைப்பு.

ஆறு மாதம் ராடிம்
என் இரத்தத்தின் காவலில் இருந்தான்.
அந்தக் கைமாற்று தீர்ந்ததும்
காது சீழ் கட்டியது. பிறகு மறுகாது.
பிறகு நுரையீரல், ஒரே குளிர்காலத்தில் இருமுறை.
டாக்டர் ஸெமனோவா அவன் தொண்டைக்குள் விளக்கடித்து
நெடுநேரம் தேடினார்.
இவ்வளவு காய்ச்சல் கண்ட பிள்ளைக்கு
டான்சில் வீங்கியிருக்க வேண்டும்.
அங்கே ஒன்றுமே இல்லை,
குடிவராத வீட்டின் சுவர்போல்
வழவழப்பு.

காகிதத்தில் வரைந்து காட்டினார்:
எலும்பு மஜ்ஜைக்குள் பிறக்கும் உயிரணுக்கள்
பாதி வளர்ந்து நிற்கின்றன.
மேலே போகச் சொல்லும் சேதியைக்
கைமாற்றிவிட ஒரு நொதி வேண்டும்.
அது இல்லை.
"கம்பி இல்லாத டிரைவரா?" என்றேன்.
அவர் பேனாவை மூடினார்.
"அப்படியும் சொல்லலாம்.
வண்டிகள் எல்லாம் பணிமனையிலேயே."

எங்கள் மொழியில் 'பீட்' என்றால் இருத்தல்.
எழுத்தின் தலையில் ஒரு சிறு கோடு உண்டு.
எழுத மறந்தால் நெடில் குறிலாகும்:
'பிட்', அடுக்குமாடியில் ஒரு வீடு.
என் பிள்ளைக்குத் தவறியதும்
அத்தனை பெரிய கோடுதான்.
நான் கொடுத்த எக்ஸில்.

"உங்கள் தாய்வழியில்
சின்ன வயதில் இறந்த ஆண் பிள்ளைகள்?"

போஹுஷ்.
எனக்கு முன் பிறந்தவன். நான்கு வயது. நிமோனியா.
சன்னலைத் திறந்து வைத்துத் தூங்கினேன், அதனால்தான் என்று
நாற்பது வருடமாகச் சொல்கிறாள் அம்மா.
எங்கள் வீட்டில் ஆகஸ்டிலும் சன்னல் திறக்காது.
கோழி சூப்பின் ஆவியில்தான் வளர்ந்தேன்.

போனில் சொன்னேன். நொதி என்றேன், குரோமோசோம் என்றேன்,
உனக்கும் தெரியாது எனக்கும் தெரியாது என்றேன்.
மறுமுனையில் பேச்சில்லை.
பிறகு ஒரு கிறீச்,
பெயின்ட் ஒட்டிக்கிடந்த ஏதோ பிய்ந்துவரும் ஓசை,
பிறகு அவள் தெருவின் இரைச்சல் முழுவதும்
என் காதுக்குள்.

இப்போது ராடிமுக்கு ஆறு வயது.
வியாழன் மாலை, வயிற்றுத் தோலடியில் ஊசி,
சோப்புப்பெட்டி அளவில் ஒரு பம்பு.
பல்லாயிரம் பேரின் பிளாஸ்மாவிலிருந்து
வடித்தெடுத்த ஒரு குப்பி.
"இன்னிக்கு யாரு வர்றாங்க?" என்பான்.
ஒஸ்ட்ராவாவில் ஒரு ரொட்டிக்காரர் என்பேன்,
எட்டு வயதில் தட்டம்மை வந்தவர்.
கல்லூரிக் கட்டணத்துக்காகப் படுத்துக்கொடுத்த பெண்,
போன வருட ஃப்ளூவை இன்னும் மறக்காதவள்.
"அவங்களுக்கு என்னைத் தெரியுமா?"
தெரியாது.
"நல்லது," என்று
கார்ட்டூனைத் திருப்பிப் போடுகிறான்.

மூன்று வாரத்துக்கு ஒருமுறை
பிளாஸ்மா மையத்தில் நானும் படுக்கிறேன்.
என் இரத்தத்தில் குறையில்லை; எனக்கு இன்னொரு எக்ஸ் இருக்கிறது.
நான் கொடுப்பது இவனுக்கு வராது.
எங்கோ, யாருக்கோ.
முதல் தடவை அதைக் கேட்டு அழுதேன்.
இப்போது குறுக்கெழுத்துப் போடுகிறேன்.

நேற்று கடைசி நடை.
ஓர் ஆள் ஏறினான், சாராய நெடி,
சட்டைக் கையை மடித்த முழங்கை மடிப்பில்
நீலக் கட்டு.
டிக்கெட் எடுக்கவில்லை.
கண்ணாடியில் பார்த்தேன்,
சீட்டில் சாய்ந்து வாய் பிளந்து தூங்கினான்.
கடைசி நிறுத்தம் தாண்டியும் எழுப்பவில்லை.
வளைவில் மட்டும்
கொஞ்சம் மெதுவாகத் திரும்பினேன்.